கமாக்கா திருத்திய சட்டம்

அரசு அச்சகத்தின் மெய்ப்புப் பிரிவில் அவருக்குக் கமாக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒரு முறை வரிவிலக்கு ஆணை ஒன்றில் ஒரே ஒரு கமா இடம் மாறி, விலக்குக் கிடைக்க வேண்டியவர்கள் தலையில் வரி விழ இருந்தது. கீழே அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. இவர் இரண்டு மாடி இறங்கி ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "ஒரு கமாவுக்காகவா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தீங்க?" என்று இயந்திரக்காரர் கேட்க, "கமா முதல்ல ஓடுச்சு, அதப் பிடிக்க நான் ஓடினேன்" என்றாராம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. துறையிலிருந்து வந்த மூலப்படியை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். அச்சான தாளில் இன்னொருவர் பேனா முனையை நகர்த்திக்கொண்டே சரிபார்க்க வேண்டும். வாசிப்பவன் நான். பதினோரு வருடம் அவருக்கு வாசித்தேன். நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதால், "உரிமையாளர் கமா குத்தகைதாரர் கமா அல்லது அவர்தம் வாரிசுகள் முற்றுப்புள்ளி" என்று நாள் முழுக்க என் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் என்னை "வாசகரே" என்பார். மூலத்தில் இருப்பதே தப்பாகத் தெரிந்தால் நாங்களாகக் கை வைக்கக் கூடாது. ஓரத்தில் கேள்வி எழுதித் துறைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து என்ன பதில் வருகிறதோ அதன்படி செய்ய வேண்டும். எங்கள் வேலையில் முதல் விதி அது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ரெண்டு மூணு வரன் வந்துச்சு. மெய்ப்புப் பாத்தேன். பிழை அதிகமா இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன்" என்பார். அப்பா விட்டுப்போன வீட்டில் மாடியில் அவர். கீழே அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள். தெருவைப் பார்த்த முன்னறையில் தம்பியின் கடை. தண்ணீர் மோட்டார், பம்பு பழுது பார்க்கிற கடை. அந்த வட்டாரத்தில் அவரைப் பம்புக்காரர் என்றால்தான் தெரியும். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், திறந்து பார்ப்பதற்கு முன் மூக்கருகே வைத்து ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்க, எந்திரிச்சிடும்" என்பார்.

நான் அப்போது தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அந்த வீட்டில்தான். சாப்பாடு என்பது ஒரு சாக்கு. அங்கே நடப்பது பட்டிமன்றம்.

அக்காவும் தம்பியும் அடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்துக்காக. அவர்களுடைய அப்பா அரசு நடத்திய நூற்பாலை ஒன்றில் வேலை செய்தவர். அந்த ஆலை ஒரு நாள் மூடப்பட்டது. அதன்பின் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், இரண்டு வருடத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரே அப்பா, ஒரே ஆலை. அதிலிருந்து அக்கா ஒரு முடிவுக்கு வந்தார், தம்பி நேர் எதிரான முடிவுக்கு வந்தார்.

"யாருக்கும் சொந்தமில்லாத மில்லு, அதனால யாருக்கும் அக்கறை இல்ல" என்று பம்புக்காரர் ஆரம்பிப்பார். "மெஷினுக்கு எண்ணெய் விட ஆள் கிடையாது. அப்பாவே சொல்லியிருக்காரு. என் கடையில ஒரு ஸ்பேனர் காணாமப் போனா அன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஏன்? அது என்னுது."

"என்னுது என்னுதுங்கறியே, உன் கடை வாசல்ல இருக்கிற ரோடு யாருது? நீ படிச்ச பள்ளிக்கூடம் யாருது? மில்லு தானா நஷ்டத்துல விழலடா, தள்ளிவிட்டாங்க. புது மெஷின் வேணும்னு கேட்ட ஃபைல் அஞ்சு வருஷம் நகரல. கடைசில அந்த நிலம் யார் கைக்குப் போச்சு?"

"ஃபைல நகத்தாதது யாரு? அதிகாரி. அரசாங்கம். அதத்தானே நானும் சொல்றேன்!"

"நகத்த வேணாம்னு அதிகாரி காதுல சொன்னது யாரு? நிலத்த வாங்கினவன்."

"அப்ப அரசாங்கத்துக்குக் காது இருக்கறதுதான் பிரச்சனை. அத அறுத்துடலாம்."

"காதில்லாத அரசாங்கத்துகிட்ட நீயும் நானும் எப்படிடா பேசறது?"

பம்புக்காரர் என் பக்கம் திரும்புவார். "நடுவர் சார், தீர்ப்பு சொல்லுங்க."

"சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்பேன்.

"ரெண்டு பேரும் நாட்டப் பங்கு போட்டு முடிச்சிட்டீங்கன்னா தட்டக் கொண்டு வந்து போடுங்க அண்ணி" என்று தம்பி மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

பெரிய கம்பெனிகள் என்றால் பம்புக்காரருக்கு ஒரு மரியாதை. நன்றாகச் செய்கிறவன் வளருவான், நானும் ஒரு நாள் வளருவேன் என்பார். "வளந்தவன் முதல்ல செய்யற வேலை, பக்கத்துல இன்னொண்ணு முளைக்காமப் பாத்துக்கறது" என்பார் அக்கா. வாரா வாரம் இதுதான். குரல் ஏறும், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஆனால் சாயங்காலம் தம்பி கடையைத் திறக்கும்போது அக்கா மாடியிலிருந்து டீ கொண்டு வந்து கொடுப்பார். இருபது வருடம் இப்படி ஓடியது. அவர்களுக்கு அது சண்டை இல்லை என்பதும், ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு யோசிக்கவே வராது என்பதும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு புதன்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு கட்டு வந்தது. இரகசியம் என்று முத்திரை குத்திய உறை. நிலத்தடி நீர் மற்றும் நீரேற்றுக் கருவிகள் ஒழுங்குமுறை மசோதா. கூடவே ஒரு பின்னிணைப்பு. நான் வாசிக்க ஆரம்பித்தேன். பம்பு பொருத்துவது, பழுது பார்ப்பது, தொட்டி சுத்தம் செய்வது எல்லாவற்றையும் இனி உரிமம் பெற்ற முகமை மட்டுமே செய்யலாம் என்றது மசோதா. யாருக்கு உரிமம் என்பது பின்னிணைப்பில் இருந்தது. மூன்று மாவட்டங்களில் கிளை இருக்க வேண்டும். சொந்தமாக ஆய்வுக்கூடம் வேண்டும். ஐம்பது தொழில்நுட்பப் பணியாளர்கள் வேண்டும். வாசிக்க வாசிக்க அக்காவின் பேனா மெதுவாகிக்கொண்டே வந்ததை நான் கவனித்தேன். பம்புக்காரரின் கடையில் பணியாளர் என்று பார்த்தால் அவரும் ஒரு மேசை விசிறியும்தான்.

பின்னிணைப்பின் ஏழாவது பத்திக்கு வந்தேன். "பழுதான கருவிகள் அனைத்தும் எங்கள் நிறுவனத்தின் தர அளவீடுகளின்படி மாற்றி அமைக்கப்பட வேண்டும் முற்றுப்புள்ளி."

வாசித்துவிட்டு எனக்கே காது உறுத்தியது. நிறுத்தினேன்.

"என்ன சொன்னீங்க?" என்றார்.

"எங்கள் நிறுவனத்தின். மூலத்துலயும் அப்படித்தான் இருக்குக்கா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருக்கா இது, சட்டத்துக்குள்ள உக்காந்து பேசறது?"

அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி என் முன் வைத்து, அந்த ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். ஓரத்தில் எழுதினார்: 'எங்கள்: யார்?'

எங்கள் மேற்பார்வையாளர் தாளை வாங்கிப் பார்த்தார், துறைக்குத் தொலைபேசினார், கொஞ்ச நேரம் "சரிங்க, சரிங்க" என்றார். ஒரு மணி நேரத்தில் பதில் சீட்டு வந்தது. 'எங்கள் நிறுவனத்தின்' என்பதை 'உரிமம் பெற்ற முகமையின்' எனத் திருத்துக. பழைய மெய்ப்பை வழக்கம்போல் அழிக்கவும். "அவசரத்துல எங்கேருந்தோ எடுத்து ஒட்டிட்டாங்கபோல. நமக்கென்னம்மா, சொன்னதச் செய்வோம்" என்றார் மேற்பார்வையாளர்.

அக்கா திருத்தினார். புதுத் தாள் வந்ததும் நான் மறுபடி வாசித்தேன். எங்கும் இடறவில்லை. வழவழவென்று ஓடியது.

பழைய மெய்ப்புத் தாள்களை அறை மூலையில் இருக்கும் சாக்கில் போடுவோம். திங்கட்கிழமை அது அரைக்கப் போய்விடும். வட்டம் போட்ட அந்தத் தாளை அவர் சாக்கில் போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் பாக்கல வாசகரே."

"நான் வாசிக்கிறவன்க்கா. பாக்கறது உங்க வேலை" என்றேன்.

சனிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது தாளை நான்காக மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தார். "நாளைக்கு அவன்கிட்ட காட்டப் போறேன். என் வேலை போனாலும் போகட்டும். பம்பு கடைக்காரங்க சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். நாப்பது குடும்பத்துச் சமாச்சாரம் இது. தாளோட போய் நின்னாங்கன்னா யாரும் இல்லன்னு சொல்ல முடியாது" என்றார். குரலில் பயம் இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் இருந்தது. இருபது வருடமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கையில் ஒரு தாள் கிடைத்துவிட்டதே.

அந்த ஞாயிறு பம்புக்காரர் நல்ல மனநிலையில் இல்லை. ஏதோ ஒரு சான்றிதழுக்கு ஒரு முத்திரை வேண்டி அந்த வாரத்தில் நான்கு தடவை ஓர் அரசு அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறார். நான்காவது தடவையும், "சார் டீ குடிக்கப் போயிருக்காரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடை நாள் முழுக்க மூடிக் கிடந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா, "உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்டா, அரசாங்கத்துல…" என்று ஆரம்பித்தார்.

"இன்னைக்கு அந்த வார்த்தைய மட்டும் எடுக்காத."

"இல்லடா, கேளு…"

"என்னத்தக் கேக்கறது? உங்க ஆளுங்க அத்தன பேரையும் வீட்டுக்கு அனுப்பினாத்தான் நாடு உருப்படும். நீ மட்டும் என்ன? முப்பது வருஷமா ஒரு நாற்காலியச் சூடு பண்ணியிருக்க. கமா போட்டா சம்பளம், போடலன்னாலும் சம்பளம். ஒரே ஒரு நாள் என் கடையில நின்னு பாரு. உன்ன நம்பி ஒருத்தன் ஒரு மோட்டாரக் குடுப்பானா?"

நாற்காலியைச் சூடு பண்ணுவது என்றதும் தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை. அந்தச் சொல்லுக்கு வந்த சிரிப்பு. பெண்கள் இரண்டும் சிரித்தன. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரிடா. உன் சந்தை உன்னப் பாத்துக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் முதலில் செய்த வேலை, பையிலிருந்து தாளை எடுத்துச் சாக்கில் போட்டது. நான், "அக்கா…" என்றேன்.

"அவன் சந்தை எப்படி வேலை செய்யுதுன்னு அவனே பாக்கட்டும் வாசகரே."

சாக்கை எடுத்துப் போக நாலு மணிக்குத்தான் ஆள் வரும். அதுவரை அது மூலையில்தான் இருந்தது. கையை விட்டு எடுத்திருக்கலாம், அவரும் எடுத்திருக்கலாம், நானும் எடுத்திருக்கலாம். நான் ஏதோ ஓய்வூதிய விதிகளை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் கவனமாகப் பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து மசோதா அரசிதழில் வந்தது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு. சிறு தொழில்முனைவோரின் நலன் காப்பது, தரமற்ற வேலையிலிருந்து மக்களைப் பாதுகாப்பது என்றெல்லாம் முன்னுரையில் இருந்தது. பின்னிணைப்பு பின்னர் வெளியிடப்படும் என்று கடைசியில் ஒரு வரி. சங்கத்துக்காரர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்கள். அரைகுறையாக வேலை செய்து பேரைக் கெடுக்கிறவர்களை ஒழிக்க வந்த சட்டம் என்று நம்பிவிட்டார்கள். அரசுக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் அனுப்புவது என்று தீர்மானம் போட்டார்கள்.

கடிதத்தை எழுதியது பம்புக்காரர். அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அவர் கடிதத்தை மாடிப்படியில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு பித்தளை வால்வை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'அக்கா, கோபம் போச்சா? பிழை பாத்துக் குடு.'

மறுநாள் அலுவலகத்தில் அக்கா இதை என்னிடம் சொன்னார். 'நாற்பது உறுப்பினர்கள் சார்பில் மனமார வரவேற்கிறோம்' என்ற வரியை அப்படியே ஒப்பித்தார்.

"சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"ரெண்டு சந்திப்பிழை இருந்துச்சு. ஒரு கமா போட்டேன். திருப்பிக் குடுத்துட்டேன்."

"ஏன்க்கா?"

பேனாவை மூடி வைத்தார். "சொன்னா, மூணு வாரமா ஏன் சொல்லலன்னு கேப்பான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. தாளும் இல்ல."

ஆட்சேபம் சொல்ல இன்னும் நாள் இருக்கிறதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தாள் இல்லாவிட்டால் என்ன, பின்னிணைப்பில் இருந்ததெல்லாம் நம் இரண்டு பேர் தலையிலும் இருக்கிறதே என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அடுத்த கட்டைப் பிரித்தேன்.

சட்டம் நிறைவேறியது. ஆட்சேபம் ஏதும் வரவில்லை, மாறாக வரவேற்புக் கடிதம் வந்திருக்கிறது என்று அமைச்சர் பேரவையில் குறிப்பிட்டாராம். அதன்பிறகு பின்னிணைப்பு வந்தது. எட்டு மாதத்தில் பம்புக்காரரின் கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அவர் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டார், நிராகரிக்கப்பட்டது. சங்கம் ஊர்வலம் போனது; நீங்கள்தானே வரவேற்றீர்கள் என்று அவர்கள் கடிதத்தின் நகலையே அதிகாரிகள் எடுத்துக் காட்டினார்கள். அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. முன்னறையில் இருந்த சாமான்களைப் பழைய இரும்புக்காரர் வந்து அள்ளிக்கொண்டு போன அன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு மாடியிலேயே இருந்தார், கீழே இறங்கவில்லை.

பம்புக்காரர் அந்த நிறுவனத்திலேயே தொழில்நுட்பப் பணியாளராகச் சேர்ந்தார். வெளிர்நீலச் சட்டை, கையில் ஒரு போன். எந்த வீட்டுக்குப் போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று அது சொல்லும். "பழுது பாக்கக் கூடாதாம் நடுவர் சார். கழட்டிட்டுப் புதுசு மாட்டணுமாம். என் கையாலயே எத்தன நல்ல மோட்டார எடுத்து எறியறேன் தெரியுமா?" என்றார்.

ஒரு ஞாயிறு, பழைய வேகத்தில் பேச்சை எடுத்தார். "பாத்தியாக்கா உன் சோஷலிசத்த? லைசென்ஸாம், ஆய்வுக்கூடமாம். ஒரு நட்டு முறுக்க எதுக்கு ஆய்வுக்கூடம்? ஒழுங்கா உழைக்கிறவன் கழுத்த அரசாங்கம் இப்படித்தான் நெரிக்கும்னு இருபது வருஷமாச் சொல்றேன், கேட்டியா? நான் முதலாளி. என் கடைய மூடினது யாரு, இன்னொரு முதலாளியா? இல்ல. அரசாங்கம்."

நான் அக்காவைப் பார்த்தேன். பம்புக்காரர் வாயை அடைக்க ஒரே ஒரு வரி போதும். அந்தச் சட்டத்தை எழுதியது யார் என்ற வரி. அது அந்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தால் தன்னையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஆமாடா" என்றார் அக்கா.

பம்புக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடத்தில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறார். முகத்தில் அதற்கான களை இல்லை. "என்னக்கா, ஒத்துக்கிட்ட? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஓய்வு பெற்ற மறு வருடம்தான் அக்கா தம்பியிடம் உண்மையைச் சொன்னார். மாடித் தொட்டியின் பம்பு நின்றுவிட்டது. தம்பி கீழேயே இருக்கிறார், ஆனால் சட்டப்படி அவராகக் கை வைக்க முடியாது. அக்கா நிறுவனத்துக்குப் போன் செய்து புகார் பதிந்தார். புகார் எண் கிடைத்தது. அது சுற்றிவிட்டுத் தம்பியின் போனுக்கே வந்தது. அவர் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, சொந்த வீட்டுப் படியேறி, "வணக்கம் மேடம், புகார் குடுத்தது நீங்களா?" என்று வாசலில் நின்றாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அக்கா, "உக்காருடா, ஒண்ணு சொல்லணும்" என்றாராம்.

"பத்து நிமிஷம்தான்க்கா இருக்கு. மணி ஓடிட்டிருக்கு."

பத்து நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வட்டம் போட்டது, பையில் கொண்டு வந்தது, சாக்கில் போட்டது.

பம்புக்காரர் தொட்டி மூடியைப் பிடித்தபடியே ஒன்றே ஒன்று கேட்டார். "அந்தக் கடிதத்தப் படியில வெச்சிட்டுப் போனேனே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கமா போட்டுக் குடுத்தியே."

"ஆமாடா."

அவர் வேலையை முடித்தார். போனை நீட்டி, "கையெழுத்துப் போடுக்கா" என்றார். போட்டதும் இறங்கிப் போய்விட்டார்.

திட்டவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. "ஒரு வார்த்தை சொல்லல அண்ணி. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர் மனைவி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் தொடர்ந்தது. பட்டிமன்றம்தான் இல்லை. அக்கா வேண்டுமென்றே செய்தித்தாளில் ஏதாவது ஒரு செய்தியைக் காட்டி, "இது நியாயமாடா, நீயே சொல்லு" என்று வம்புக்கு இழுப்பார். அவர், "நீ சொன்னா சரிதான்க்கா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் நான் அக்காவிடம் சமாதானமாக, "நீங்க தாளக் காட்டியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காதுக்கா. அவங்க வேற வழியில கொண்டு வந்திருப்பாங்க" என்றேன்.

"மாறியிருக்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? மாறுதா இல்லையான்னு பாக்கற வாய்ப்பையே நான் குடுக்கலையே. அவன் அப்படிப் பேசிட்டானேன்னு எனக்கு ஆத்திரம். அவன் தோக்கறதப் பாக்கணும்னு இருந்துச்சு. ஏழைங்க, தொழிலாளிங்கன்னு இத்தன வருஷம் பேசினேன். என் தம்பி ஒருத்தன ஜெயிக்கறதுக்காக நாப்பது பேரக் குடுத்துட்டேன்."

அதன்பின் இரண்டு வருடத்தில் அந்தச் சட்டத்தைத் தண்ணீர்க் குழாய் வேலைகளுக்கும் விரிவுபடுத்த ஏற்பாடு நடந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஓர் அரங்கத்தில் வைத்தார்கள். அக்கா பேசப் பெயர் கொடுத்தார். என்னையும் வரச் சொன்னார். "நீங்கதானே வாசிச்சீங்க." எனக்கு அப்போது மூன்று வருடம் பணி மிச்சம் இருந்தது. வருகிறேன், பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

அரங்கத்தில் பாதி நாற்காலி வெளிர்நீலம். நிறுவனம் தன் ஆட்களை வேனில் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தது. அதில் நான்காவது வரிசையில் பம்புக்காரரும் இருந்தார்.

அக்கா ஒலிபெருக்கி முன் நின்று நடந்ததைச் சொன்னார். எழுதி வைத்துப் படிக்கவில்லை. மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்தத் தாள் உங்ககிட்ட இருக்காம்மா?"

"இல்ல. அரைக்கப் போயிடுச்சு. நான்தான் சாக்குல போட்டேன்."

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது.

"உங்களத் தவிர வேற யாராவது பாத்தாங்களா?"

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு முறைகூடத் தலையைத் திருப்பவில்லை. "வேற யாரும் இல்லைங்க" என்றார்.

என் முழங்கால்கள் எழுந்துகொள்ளத் தயாராக இருந்ததாகவே இன்று வரை எனக்கு ஒரு நினைப்பு. ஆனால் எழுந்தது நான் இல்லை. நான்காவது வரிசையில் பம்புக்காரர் எழுந்தார்.

"எங்க அக்கா பொய் சொல்ல மாட்டாங்க சார்."

"நீங்க அந்தத் தாளப் பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. வரிசையிலிருந்து வெளியே வந்து, அக்காவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு அரங்கத்தை விட்டுப் போனார். என் நாற்காலியைத் தாண்டித்தான் போனார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில், 'ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் பொதுவான சில கருத்துகளைத் தெரிவித்தார்' என்று ஒரு வரி வந்தது. நிறுவனம் பம்புக்காரரை வேலையை விட்டு எடுக்கவில்லை. நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளைக்கு மாற்றி, ஞாயிற்றுக்கிழமையும் வேலை போட்டது.

அடுத்த வாரம் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "உங்களுக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு வாசகரே. நான் உங்களக் கூப்பிட்டிருக்கவே கூடாது" என்றார். அதற்குமேல் அந்த வீட்டுக்குப் போவது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றுவிட்டதால் போகாமல் இருக்கக் காரணமும் கிடைத்தது.

அதன்பிறகு ஒரே ஒரு முறை போனேன், நான் ஓய்வு பெற்றபின். அக்காவுக்குக் கண் பார்வை வெகுவாகக் குறைந்திருந்தது. பம்புக்காரர் வேலைக்குக் கிளம்பும் முன் மாடிக்கு வந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டுவது வழக்கமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையசைத்து நாற்காலியைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து படித்தார். ஏதோ ஒரு துறைமுகத்தைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றிய செய்தி. தொழிற்சங்கம் எதிர்க்கிறது, அமைச்சர் மறுக்கிறார். படித்து முடித்தார்.

அக்கா அவர் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீ என்னடா நினைக்கற?" என்று கேட்டார். கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

பம்புக்காரர் தாளைத் திருப்பி மடித்தார். "அடுத்த செய்தி படிக்கட்டுமாக்கா?" என்றார்.

"படி" என்றார் அக்கா.